உப்புக்குக் கை கிடையாது

மாசி பிறந்தால் போதும், எங்கள் தெரு முனையில் மாவடு கூடை வந்து உட்கார்ந்துவிடும். அம்மா காம்பு உதிராத வடுவாகப் பார்த்துப் பொறுக்குவாள். கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, கையில் விளக்கெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தடவி, ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று போட்டு மூடி வைப்பாள். தண்ணீர் ஒரு சொட்டு சேர்ப்பதில்லை. காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூன்றாம் நாள் திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கும். கல் மாதிரி வழவழவென்று இருந்த வடுவின் தோல் சுருங்கத் தொடங்கியிருக்கும். "தண்ணி விட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா மிளகாய்த்தூளும் கடுகும் அரைக்கப் போய்விடுவாள்.

இந்த முறை ஜாடியை எட்டிப் பார்த்தது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள். "உப்பு தண்ணிய இழுக்கும்னு பாட்டி சொல்றாங்க. எப்படி அத்தை இழுக்கும்? அதுக்குக் கையா இருக்கு?"

நல்ல கேள்வி. இழுக்கும், உறிஞ்சும், ஈர்க்கும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம், பாடப்புத்தகம் உட்பட. ஆனால் அந்த ஜாடிக்குள் யாரும் யாரையும் இழுக்கவில்லை. அப்புறம் எப்படித் தண்ணீர் வெளியே வந்தது? அதைச் சொல்ல, உப்பையும் மாங்காயையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, சும்மா இருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

சும்மா இருக்காத தண்ணீர்

டம்ளரில் தண்ணீர் அசையாமல் நிற்பதாக நமக்குத் தெரிகிறது. உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இருப்பதை இடிக்கிறது, இடி வாங்கித் திரும்புகிறது. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்களை நீரில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அவை நிற்காமல் தத்தளித்தன. உயிர் இருப்பதால் ஆடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, உயிரே இல்லாத கல் தூளைப் போட்டுப் பார்த்தார். அதுவும் ஆடியது. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால்தான் இந்த ஆட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஐன்ஸ்டைன், 1905-இல். இந்தத் துள்ளலுக்குத் தீனி வெப்பம். யாரும் சாவி கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இலக்கில்லாத துள்ளல் எப்படி ஒரு திசையில் நகர்வாக மாறுகிறது? பள்ளிக்கூடத்தில் அருகருகே இரண்டு மைதானம், நடுவில் சுவர், சுவரில் ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது மைதானத்தில் 100 பிள்ளைகள், வலதில் 20. எல்லோரும் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் நிமிடத்துக்குப் பத்தில் ஒருவர் தற்செயலாக வாசலைத் தாண்டிவிடுகிறார். முதல் நிமிடத்தில் இடமிருந்து வலம் போனது 10 பேர், வலமிருந்து இடம் வந்தது 2 பேர். கூட்டிக் கழித்தால் 8 பேர் வலப்பக்கம் போயிருக்கிறார்கள். இப்படியே போனால் ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் 60 ஆகிவிடும். அப்போது ஓட்டம் நின்றுவிடுமா? நிற்காது. இந்தப் பக்கம் 6 பேர் போவார்கள், அந்தப் பக்கத்திலிருந்து 6 பேர் வருவார்கள். கணக்கு மட்டும் மாறாது.

பரவல் என்பது இதுதான். செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள் நகரும் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது வெறும் எண்ணிக்கை. கூட்டம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து தப்பி வருபவர்களும் அதிகம். இதற்காகச் செல் ஒரு பைசா ஆற்றலும் செலவழிக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஆற்றல் செலவில்லாத கடத்தல் என்ற பெயர்.

ஒரு விஷயம். பரவலுக்கு உதாரணமாக 'மூலையில் ஏற்றிய ஊதுவத்தி மணம் அறையெங்கும் பரவுவது' என்று எழுதுவது வழக்கம். நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அந்த மணத்தைச் சுமந்து வருவது காற்றோட்டம்தான். காற்று துளியும் அசையாத அறையில் பரவலை மட்டும் நம்பினால், மூன்று மீட்டர் தாண்டி மூக்குக்கு வர நாள் கணக்கில் ஆகும்.

பரவலின் குணமே இதுதான்: பக்கத்துக்கு மின்னல், தூரத்துக்கு ஆமை. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. நீருக்குள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். ஒரு செல்லின் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, கடக்க அதற்கு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் நான்கு நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம். ஒரு மீட்டருக்கு எட்டு வருஷம்! மூக்கில் இழுத்த காற்று கால் கட்டைவிரலுக்குப் பரவிப் போய்ச் சேரும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதயம் ஓயாமல் இரத்தத்தைத் தள்ளுவது இந்தத் தூரத்தை விழுங்கத்தான். கடைசி அடி மட்டும், அதாவது இரத்த நுண்குழாயிலிருந்து செல்லுக்குள் போகும் அந்த ஒரு மயிரிழைத் தூரம் மட்டும், பரவலிடம் விடப்பட்டிருக்கிறது. நுரையீரலிலும் அதே உத்தி. உள்ளே இருக்கும் காற்றுப் பைகளை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும், சென்னையில் இரண்டு படுக்கையறை பிளாட் அளவு. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள திரையின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரப்பு பெரிது, தூரம் சிறிது. பரவலுக்கு வேறென்ன வேண்டும்?

எண்ணெய்ச் சுவரும் அதன் வாசல்களும்

இப்போது சுவருக்கு வருவோம். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதன் மூலக்கூறுகளுக்குத் தலை நீரோடு ஒட்டும், வால் எண்ணெய்க் குணம் கொண்டது, நீரைக் கண்டால் விலகும். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் அவை இரண்டு வரிசையாக நின்று, தலைகளை இரண்டு பக்கத்துத் தண்ணீரிலும் நீட்டி, வால்களை நடுவில் ஒளித்துக்கொள்கின்றன. ரசத்தின் மேல் மிதக்கும் நெய்ப் படலத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் தடிமன்? பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு முடியின் தடிமன் வரும்.

நடுவில் எண்ணெய் இருப்பதால் யார் போகலாம், யார் போக முடியாது என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது. ஆக்சிஜன், கரியமில வாயு இரண்டும் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். சாராயமும் அப்படியே, குடித்தவுடன் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். குளுக்கோஸ் பெரியது, நீர்ப்பிரியம் வேறு, தயங்கி நிற்கும். சோடியம், குளோரைடு போன்ற மின்னூட்டம் உள்ள அயனிகளுக்கு எண்ணெய் என்பது மதில் சுவர். தண்ணீரோ ரெண்டுங்கெட்டான். மூலக்கூறு குட்டியாக இருப்பதால் நேராகவே கொஞ்சம் கசியும், ஆனால் மெதுவாக.

குளுக்கோஸ் இல்லாமல் செல் பிழைக்காதே? அதற்காகச் சவ்வில் புரதங்களால் ஆன தனி வாசல்கள் இருக்கின்றன. குளுக்கோஸ் வந்து பொருந்தினால் புரதம் வடிவம் மாறி, அதை மறுபக்கம் திறந்துவிடும். இதற்கு எளிதாக்கப்பட்ட பரவல் என்று பெயர். வாசல் இருக்கிறது என்பதால் எதிர்த்திசையில் ஏற்றிவிட முடியாது. கூட்டம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத்தான் நகர்வு. தசைச் செல்கள் இதில் ஒரு சாமர்த்தியம் செய்கின்றன. உள்ளே வந்த குளுக்கோஸ் மேல் உடனே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. ஒட்டியதும் அது வேறு பொருள், வாசல் வழியே திரும்ப முடியாது. உள்ளே 'குளுக்கோஸ்' எப்போதும் குறைவாகவே இருக்கிறது, வெளியிலிருந்து வரத்தும் நிற்பதில்லை. பாஸ்பேட் ஒட்டுவதற்கு மட்டும் செல் ஆற்றல் கொடுத்தாக வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 'இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளுகிறது' என்பார்கள். அது தள்ளுவதில்லை. தசையிலும் கொழுப்பிலும் உள்ள செல்களில் குளுக்கோஸ் வாசல்கள் பெரும்பாலும் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து சேதி சொன்னால் அவை மேலே வந்து சவ்வில் பதியும். வாசல் வந்தபின் சர்க்கரை தன் பாட்டில் உள்ளே போகும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் சொல்லாமலேயே வாசல்கள் மேலே வருகின்றன. சாப்பிட்டபின் நடக்கச் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மறுபடி ஜாடி

மாவடுவும் செல்களால் ஆனதுதான். தண்ணீர் சவ்வைத் தாண்ட முடியும், உப்பு தாண்ட முடியாது. இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

மைதானத்தையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் மாங்காய்ச் செல், அங்கே பெரும்பாலும் தண்ணீர்ப் பிள்ளைகள். வலப்பக்கம் உப்பு கரைந்த ஈரம். அங்கே தண்ணீர்ப் பிள்ளைகளோடு சோடியமும் குளோரைடும் கலந்து ஓடுகிறார்கள், அவர்களுக்கு வாசலில் அனுமதி இல்லை. வாசலில் வந்து முட்டுகிறவர்களை எண்ணுங்கள். இடப்பக்கத்திலிருந்து முட்டுவது அநேகமாக எல்லாமே தண்ணீர், தாண்டிவிடும். வலப்பக்கத்தில் முட்டுவதில் ஒரு பங்கு உப்பு, திரும்பிப் போகவேண்டியதுதான். ஆக, செல்லிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதிகம், திரும்பி வரும் தண்ணீர் குறைவு. ஜாடியில் பார்த்தது இந்த வித்தியாசத்தை. உப்பு தண்ணீரை இழுக்கவில்லை, தண்ணீர் திரும்பி வருவதைக் குறைக்கிறது.

இதை ஓர் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டினால் 'இப்படிக் கதை சொல்லாதே, உப்பு கலந்தால் நீரின் ஆற்றல் நிலை இறங்குகிறது என்று சொல்' என்று திருத்துவார். அவர் சொல்வதே சரி. தாவரவியல் புத்தகத்தில் நீரியல் திறன் என்று வருவது அதுதான். ஆனால் முதல் முறை கேட்பவருக்கு மைதானக் கதை போதும், பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

நம் புத்தகங்களில் இதற்குப் பெயர் சவ்வூடு பரவல். இலங்கைப் பாடநூல்களில் பிரசாரணம். 1748-இல் பிரான்சில் நோலே என்ற பாதிரியார் ஒரு குப்பியில் சாராயம் நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி, தண்ணீருக்குள் வைத்தார். அவர் நோக்கம் வேறு, காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்பதுதான். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் புடைத்து நின்றது. தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. சவ்வூடு பரவலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு இதுதான்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணக்கில் வருவது கரைபொருளின் எடை இல்லை, தலை எண்ணிக்கை. ஆஸ்பத்திரியில் ஏற்றும் இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும். சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. குளுக்கோஸ் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம், ஆனால் இரண்டுமே இரத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான அடர்த்தி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். எப்படி? உப்பின் மூலக்கூறு எடை 58, குளுக்கோஸுக்கு 180. அதாவது ஒரே எடையில் உப்புக்குத் தலைகள் மூன்று மடங்கு. போதாததற்கு, கரைந்தவுடன் உப்பு சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என இரண்டாகப் பிரிகிறது. பெருக்கிப் பாருங்கள், 9 கிராம் உப்பும் 50 கிராம் குளுக்கோஸும் ஏறக்குறைய ஒரே தலைக்கணக்கில் வந்து நிற்கும். சலைன் 308, குளுக்கோஸ் 278, நம் இரத்தம் சுமார் 290. மருத்துவர்கள் பயன்படுத்தும் அலகு மில்லிஆஸ்மோல். இந்தத் தலைக்கணக்கு விதியைக் கண்டு சொன்ன வான்ட் ஹாஃப்தான் 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றவர்.

ஏன் இவ்வளவு பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும்? வெறும் சுத்தமான தண்ணீரை இரத்தக்குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்களுக்குள் தண்ணீர் புகுந்து, அவை ஊதி வெடித்துவிடும். மிக உப்பான நீரில் விட்டால் முள் முள்ளாகச் சுருங்கும். கடலில் சிக்கியவர்கள் எவ்வளவு தாகமானாலும் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பதும் இதே கணக்கு. அதன் அடர்த்தி இரத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் தேவைப்படும்.

சிவப்பணு சாதாரணத் தண்ணீரில் நொடிகளில் வெடிக்கிறது. இங்கேதான் ஒரு புதிர். தண்ணீர் எண்ணெய்ச் சுவரில் மெதுவாகத்தான் கசியும் என்றேனே, அப்புறம் எப்படி இத்தனை வேகம்? வாசல் இருக்க வேண்டும் என்று நெடுநாள் சந்தேகப்பட்டார்கள், யார் கையிலும் சிக்கவில்லை. அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரே என்பவர் இரத்தத்தின் ஆர்.எச். வகையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சிவப்பணுச் சவ்வில் பேர் தெரியாத ஒரு புரதம் ஏராளமாகக் கிடைத்தது. என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் அவரும் சகாக்களும் தவளை முட்டையைப் பிடித்தார்கள். குளத்தில் கிடக்கும் தவளை முட்டைக்குள் தண்ணீர் எளிதில் புகாது, புகுந்தால் தவளை இனமே இருக்காது. சில முட்டைகளுக்குள் இந்தப் புரதம் செய்வதற்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். செலுத்தாத முட்டைகள் அப்படியே கிடந்தன. செலுத்தியவை சில நிமிடங்களில் ஊதி வெடித்தன! 1992-இல் வெளியான இந்தச் சோதனைதான் அக்வாபோரின் என்ற நீர் வாசலை உலகுக்குக் காட்டியது. 2003-இல் நோபல் பரிசு வந்தது. தண்ணீர் மூலக்கூறுகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இந்த வாசலில் போகின்றன, ஆனால் நொடிக்குச் சுமார் 300 கோடி என்ற வேகத்தில்.

நம் சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு திரவத்தை வடிகட்டுகிறது. வெளியே போவது ஒன்றரை லிட்டர் சொச்சம். மீதி அத்தனை தண்ணீரும் சவ்வூடு பரவலால் உடம்புக்குத் திரும்புகிறது, பெரும்பகுதி இந்த வாசல்கள் வழியாக. தண்ணீர் குடிக்காத நாளில் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து சிறுநீரகக் குழாய்களில் கூடுதல் வாசல்களைப் பதிக்கச் சொல்லும். சாராயம் அந்த ஹார்மோனை அடக்கிவிடும். குடித்தவர் அடிக்கடி எழுந்து போவதும், மறுநாள் காலையில் நா வறண்டு எழுவதும் அதனால்தான்.

கீரைக்கட்டும் கறிவேப்பிலைச் செடியும்

தாவரச் செல் வெடிக்காது. சவ்வுக்கு வெளியே அதற்குக் கெட்டியான சுவர் இருக்கிறது. தண்ணீர் உள்ளே புகப் புக, சைக்கிள் டயருக்குள் டியூப் போல, சவ்வு சுவரை அழுத்திக்கொண்டு விறைத்து நிற்கும். இந்த விறைப்பழுத்தம் பல செடிகளில் பைக் டயரின் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். வெயிலில் தொய்ந்த கட்டின் மேல் கீரைக்காரம்மா தண்ணீர் தெளிப்பது அந்த டியூபுக்குக் காற்றடிக்கும் வேலை. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலைக்காம்பின் அடியில் உள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது, டியூபில் காற்று இறங்கிவிடுகிறது, இலை மடிகிறது.

நானே ஒரு செடியைக் கொன்றிருக்கிறேன். மாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. வளரவில்லையே என்ற ஆத்திரத்தில் ஒரு கைப்பிடி யூரியாவை வேரடியில் கொட்டித் தண்ணீர் விட்டேன். இரண்டாம் நாள் இலை நுனிகள் கருகின, அந்த வாரமே செடி காய்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது தனிக் கதை. மண்ணில் இருந்த நீரின் அடர்த்தி வேரின் உள்ளே இருந்ததைவிட மேலே போய்விட்டது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடிக்கு அது வறட்சிதான்.

மாவடுவில் ஒரு பாதிக் கதை மிச்சம் இருக்கிறது. உப்பு சவ்வைத் தாண்டாது என்றால் மூன்று வாரம் கழித்துக் கடிக்கும்போது கொட்டை வரை உப்பு இருக்கிறதே? தண்ணீர் இழந்த செல்கள் நாளடைவில் செத்துவிடுகின்றன. செத்த செல்லின் சவ்வு கிழிந்த கொசுவலை மாதிரி, யார் வேண்டுமானாலும் போகலாம். முதல் சில நாள் நடந்தது சவ்வூடு பரவல், தண்ணீர் வெளியே வந்தது. பிறகு நடப்பது சாதாரணப் பரவல், உப்பும் மிளகாய்க் காரமும் உள்ளே போகின்றன. ஊறுகாய் 'ஊறுவது' என்பது இந்த இரண்டாம் கட்டம்.

உயிருள்ள சவ்வுக்கும் செத்த சவ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க பீட்ரூட் போதும். துண்டு போட்டு, வெட்டுப்பட்ட இடத்தில் வடியும் சாயம் போகிற வரை அலசி, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். லேசான ரோஜா நிறம், அதற்கு மேல் ஏறாது. அதே துண்டுகளை வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களில் பாத்திரமே சிவந்துவிடும். சாயம் அதுவரை செல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது, சூடு பூட்டை உடைத்தது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும், இன்னொன்றை இரண்டு ஸ்பூன் உப்புப் போட்ட டம்ளரிலும் இரவு விட்டுவிடுங்கள். காலையில் முதல் துண்டு வளைத்தால் டக்கென்று முறியும். இரண்டாவது ரப்பர் மாதிரி வளையும். அண்ணன் மகள் அதை முடிச்சுப் போட முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை.

எல்லாவற்றையும் சவ்வூடு பரவல் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வெகுநேரம் தண்ணீரில் துணி துவைத்தால் விரல் நுனி சுருங்குகிறதே, அதைப் பலர் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் நரம்பு அறுந்த விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை. நரம்பின் உத்தரவில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வரும் சுருக்கம் அது. வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் வேறு விஷயம். அங்கே தண்ணீர் தன் இயல்புக்கு எதிராக, உப்புப் பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்துக்குப் போக வேண்டும். பம்பு வைத்து அழுத்தினால்தான் நடக்கும், கரண்ட் செலவு உண்டு. கடல்நீருக்கு இயல்பான சவ்வூடு அழுத்தமே, அதாவது சவ்வூடு பரவலைத் தடுத்து நிறுத்தத் தேவையான அழுத்தமே, 27 வளிமண்டலம் அளவு. சென்னையை அடுத்த நெம்மேலி மாதிரியான கடல்நீர் ஆலைகளில் அதைவிட அதிகமாக அழுத்தித்தான் குடிநீர் எடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கால் உயிர் பிழைத்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலராக் கிருமியின் நஞ்சு குடல் செல்களின் குளோரைடு வாசல்களைத் திறந்தே வைத்துவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியம் பின்தொடரும், தண்ணீர் இரண்டின் பின்னாலும் ஓடும். முற்றிய நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஜோடியாக உள்ளே எடுக்கும் இன்னொரு வாசல் குடலில் இருக்கிறது, காலரா அதைத் தொடுவதில்லை. இந்த வாசலுக்கு மட்டும் செல் மறைமுகமாக ஆற்றல் கொடுக்கிறது. ஜோடி உள்ளே போனால் தண்ணீர் இலவசமாகப் பின்னால் வரும். உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் இது நடக்காது, சர்க்கரையும் கூட வேண்டும். 1971-இல் வங்காள எல்லையில் போங்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலநபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசு. தொடக்கத்தில் அதன் அடர்த்தி 311 மில்லிஆஸ்மோலாக இருந்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் 245 ஆகக் குறைத்தது. இரத்தம் 290 என்று மேலே பார்த்தோம். அதைவிடக் குறைவாக இருந்தால்தான் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகச் சுலபம். 'குழந்தை ஒரு லிட்டர் எங்கே குடிக்கப் போகிறது' என்று பொட்டலம் முழுவதையும் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடர்த்தி எகிறி, மாவடு ஜாடியில் நடந்ததே குழந்தையின் குடலில் நடக்கும், பேதி கூடும். பொட்டலத்தின் மேல் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையையும் ஊற்றிக் கரைத்து வைத்துவிட்டு, அதிலிருந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.